குடமும் கணக்கும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. வார்டு, கவுன்சிலர், தலைவர், செயல் அலுவலர், மாதக் கூட்டம், ஒப்பந்தப்புள்ளி என்று தமிழகத்தின் மற்றப் பேரூராட்சிகளுக்கு உள்ளதெல்லாம் அதற்கும் உண்டு. அந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகச் சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு அறிஞர் வெங்கையா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். அரசியல் நிர்ணய சபை கிராம ஊராட்சிகளைப் பற்றி 1948-ல் விவாதித்தபோது சபை உறுப்பினர் பிரகாசம் இவற்றையே சான்றாக எடுத்துக் காட்டினார். அன்று முதல் இன்று வரை இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குடத்தையும் ஓலையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது என்று சொல்லிப் பெருமைப்பட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறோம். கல்வெட்டை முழுதாகப் படித்தால், அதை வெட்டியவர்களின் கவலை வேறு இடத்தில் இருந்தது தெரியும். யார் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதைவிட, தேர்ந்தெடுக்கப்பட்டவர் பணத்தை என்ன செய்தார், அதற்கு யாரிடம் பதில் சொன்னார் என்பதுதான் அவர்களை உறுத்தியிருக்கிறது. நம் சிற்றூர்களின் உள்ளாட்சி வரலாற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வாக்குரிமை வளர்ந்த கதை வேறு. ஊர்ப்பணத்துக்கான கணக்கு யார் முன்னால் வைக்கப்பட்டது என்ற கதை வேறு. முதல் கதையில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். இரண்டாவது கதை அப்படிப் போகவில்லை.

ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் வாரியங்கள் எனும் குழுக்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை நடந்த விதத்தை முதலில் பார்த்துவிடலாம். ஊர் குடும்பு எனும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதி, மேலே குடும்பின் பெயர் தாங்கிய வாயோலையை வைத்துக் கட்டி, கட்டுகளைக் குடத்தில் இட்டார்கள். மகாசபை சிறுவர் முதல் முதியவர் வரை நிறையக் கூடியிருக்க வேண்டும். அன்று ஊரில் உள்ள கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் சபை நடுவே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கியபின் ஓர் ஓலையை எடுத்து, நடுவராக நிற்கும் மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அந்த ஓலையை வாங்க வேண்டும் என்பது விதி. விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! வாங்கிய ஓலையை அவர் உரக்க வாசிப்பார். பிறகு அங்குள்ள நம்பிமார் எல்லாரும் வாசிப்பார்கள். அதன்பிறகே அந்தப் பெயர் எழுதப்படும். கை எப்படி விரிந்திருக்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்தவர்கள், தம் ஊரார் எவ்வளவு சாமர்த்தியசாலிகள் என்பதை நன்றாக அறிந்தவர்கள்.

இதே கவனம் கணக்கு விஷயத்தில் இன்னும் கடுமையாகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. தடை அவரோடு முடியவில்லை. அவருடைய பெரியம்மா, சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், பெரியப்பன், சித்தப்பன், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், அக்காள் தங்கை கணவர், அவர்கள் பிள்ளைகள், மாப்பிள்ளை, தகப்பன், மகன் என்று உறவுமுறைப் பட்டியல் நீள்கிறது. ஒருவர் பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்லாவிட்டால் அவருடைய சுற்றமே தகுதி இழந்தது. பதவி 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருந்தால் மறுபடி வரக் கூடாது. பதவியில் இருக்கும்போதே குற்றம் வெளிப்பட்டால் உடனே விலக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி இருந்தது. தான் எழுதிய கணக்கைத் தானே சபைப் பெரியவர்கள் முன் வைத்து, நேர்மையானவர் என்று பெயர் வாங்கிய பிறகுதான் அவர் மீண்டும் அந்த வேலைக்கு வரலாம். அவருடைய கணக்கை முடிக்க வேறொரு கணக்கனை அமர்த்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழைய கணக்கைக் கேட்டால், அது முன்பு இருந்தவர் காலத்தில் நடந்தது, அவர் மாறிப் போய்விட்டார் என்ற பதில் வரும். அந்த வாசலைக் கல்வெட்டு அடைத்துவிடுகிறது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். சபை தானாக இந்த விதிகளைச் செய்துகொள்ளவில்லையே, அரசன் ஆணை வந்தது, 919-லும் 921-லும் அரசனின் அதிகாரி உடன் அமர்ந்திருந்து செய்வித்தார் என்று கல்வெட்டே சொல்கிறதே என்பார். அது உண்மைதான். முற்றிலும் தன்னாட்சி பெற்ற குட்டிக் குடியரசாக அந்த ஊரை வருணிப்பது மிகை. ஆனால் அதிகாரி எதற்கு வந்தார் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விதியை வகுக்கும்போது அவர் இருந்தார். விதி ஓடத் தொடங்கியபின் ஏரி வாரியம் கரைக்கு எத்தனை கூடை மண் போட வேண்டும் என்பதற்கு அவரிடம் அனுமதி கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை. கணக்கு வைக்க வேண்டிய இடம் ஊர்ச்சபையின் பெரியவர்கள் முன்னிலை என்றே அது சொல்கிறது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியதும் கவனிக்க வேண்டியது. 919-ல் வயது வரம்பு 30-லிருந்து 60. 921-ல் அது 35-லிருந்து 70 ஆனது. தேர்வு முறையும் விரிவாக எழுதப்பட்டது. முதல் ஏற்பாட்டில் எதுவோ சரியாக நடக்கவில்லை, அனுபவத்தைக் கொண்டு திருத்தினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உத்திரமேரூருக்கு நூறாண்டு முன்பே, திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு சபைக்கூட்டத்துக்கு ஒரு விதி எழுதிவைத்திருக்கிறது. எந்தக் காரியம் வந்தாலும் அல்ல, அல்ல என்று மறித்துக்கொண்டே இருப்பவரும் அவருக்குத் துணை போகிறவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கூட்டம் நடத்துவதும், முடிவெடுப்பதும், முட்டுக்கட்டையைச் சமாளிப்பதும் உள்ளூர் அறிவாக வளர்ந்திருந்தன. ஒரே ஊரில் வாழ்ந்து ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்கள், தங்கள் மேல் தங்களுக்கே உள்ள அவநம்பிக்கையை விதியாக மாற்றிக்கொண்ட முறை அது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர். சபையில் இடம் பெற்றவர்கள் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமண ஆண்கள். நிலத்தில் உழுதவர்களுக்கும் ஏரியில் மண் சுமந்தவர்களுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. அந்தச் சபையை இன்றைய மக்களாட்சிக்கு முன்னோடி என்று கொண்டாடுவது, வெளியே நிறுத்தப்பட்டவர்களை இரண்டாவது முறை வெளியே நிறுத்துவதாகும். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு குடத்தின் பெருமையைத்தான் குறைக்கிறது, கணக்கு விதியின் மதிப்பைக் குறைக்கவில்லை. ஒரே சாதி, ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே வசதி உள்ளவர்களுக்குள்ளேயே பணம் கையாண்டவனை நம்பாமல் விதி செய்ய வேண்டியிருந்தது என்றால், பல சாதிகளும் பல நிலைகளும் கலந்த இன்றைய ஊருக்கு அது எத்தனை மடங்கு வேண்டும்? உறுப்பினர் தகுதியில் அந்தக் காலத்திடமிருந்து நாம் கற்க எதுவுமில்லை. கணக்கை நேருக்கு நேர் கேட்பதில் கற்க நிறைய இருக்கிறது.

இந்த மரபு வளர்ந்துதான் இன்றைய பேரூராட்சி ஆயிற்று என்று எண்ணுவது தவறு. இடையில் பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. இன்றைய நகராட்சி, பேரூராட்சி அமைப்பு முழுக்க முழுக்க வேறு விதையிலிருந்து முளைத்தது. சென்னைக்கு 1688-லேயே மாநகராட்சி வந்துவிட்டாலும், வெளியூர்களுக்கு 1850-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம்தான் முதல் வாய்ப்பு. ஊரார் தாமாக முன்வந்து கேட்டால் தம்மேல் வரி விதித்து ஊரைச் சீர்செய்துகொள்ளலாம் என்றது அது. தாமாக முன்வந்து வரி கேட்ட ஊர்கள் மிகச் சில. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசின் கஜானா வறண்டது. காவல் துறையைப் புதிதாக அமைத்ததில் செலவு கூடியது. அந்தச் சுமையில் ஒரு பங்கை ஊர்கள் தலையில் இறக்க வழி தேடியபோது பிறந்ததுதான் 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம். அதன் கீழ் 1866-ல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், சேலம், கோவை என்று வரிசையாக நகராட்சிகள் எழுந்தன. உறுப்பினர்களை அரசு நியமித்தது. கலெக்டர் தலைமையில் மன்றம் கூடியது. வரிப்பணத்தில் கணிசமான பங்கு அந்த ஊரின் போலீஸ் செலவுக்குப் போயிற்று. 1871 சட்டம்தான் போலீஸ் சுமையை இறக்கிவிட்டு, பள்ளி, மருத்துவமனை, அம்மை குத்துதல் போன்றவற்றை ஏற்றியது. ஊர் என்ன வாங்க விரும்புகிறது என்ற கேள்வியிலிருந்து அந்த அமைப்பு தொடங்கவே இல்லை. அரசு எதற்குச் செலவிட விரும்பவில்லை என்ற கேள்வியிலிருந்தே அது தொடங்கியது. பிறப்பின் இந்தக் குறி இன்னும் மறையவில்லை.

ரிப்பன் பிரபு 1882-ல் வெளியிட்ட தீர்மானம் இதற்கு ஒரு மாற்று நோக்கத்தைத் தர முயன்றது உண்மை. நிர்வாகம் செம்மையாவதைவிட, மக்கள் அரசியலில் பயிற்சி பெறுவதே உள்ளாட்சியின் முதன்மைப் பயன் என்றார் அவர். 1884-ல் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தல வாரியங்கள் சட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தன. பெரிய கிராமங்களும் சிறு பட்டணங்களும் சேர்ந்த யூனியன்கள் பிறந்தது இந்த இரண்டாவது சட்டத்தில்தான். வீட்டுவரி வசூலித்து, தெருவிளக்கேற்றி, சாக்கடை தூர் வாரி, பாதை செப்பனிட்ட அந்த யூனியன்களே இன்றைய பேரூராட்சிகளுக்கு நேர் முன்னோர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பங்கு மெல்லக் கூடியது. ஆனால் பண விஷயத்தில் ரிப்பனின் தாராளம் காகிதத்தைத் தாண்டவில்லை. வரவு செலவுத் திட்டம் மேலே போய் ஒப்புதலாகி வர வேண்டும். மதிப்பீட்டைப் பொறியாளர் ஒப்ப வேண்டும். கடன் வாங்க அரசு ஆணை வேண்டும். முடிந்த செலவைத் தணிக்கை செய்ய உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர் வருவார். அவர் கண்டெடுத்தது தணிக்கைத் தடை. தடையை நிவர்த்தி செய்வது அலுவலகத்தின் வேலை. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மேல்நோக்கியே கோக்கப்பட்டிருக்கிறது. உத்திரமேரூர்க் கணக்கன் தன் கணக்கோடு யார் முன் நின்றானோ, அந்த ஊராருக்கு இதில் இடமே இல்லை. அவர்கள் வரி கட்டுகிறவர்கள் மட்டுமே.

இந்தச் சட்டங்களுக்குள்ளும் ஒரு நல்ல இடைவேளை இருந்தது. நகராட்சித் தலைவரே செயல் அதிகாரியாகவும் இருந்த ஆண்டுகள் அவை. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பெரியார் ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்து, காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவரும் பணியைச் செய்தார். இருவரும் 1919-ல் அந்தப் பதவிகளை விட்டு விலகி நாட்டு அரசியலுக்குப் போனார்கள். நகராட்சி மன்றம் ஊரின் மிகத் திறமையான மனிதர்களை ஈர்த்ததற்குக் காரணம், அங்கே உண்மையான வேலை இருந்தது என்பதுதான். ஒரு திட்டத்தைத் தலைவர் சிந்திக்கலாம், மன்றத்தை இணங்க வைக்கலாம், முடிக்கலாம், முடியாமற்போனால் ஊரில் தலைகுனியலாம். நகரமைப்பிலும் இதே நிலை. நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-15-ல் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து, குளங்களைத் தூர்க்காமல் காக்க வேண்டும் என்று வாதிட்ட பிறகு, 1920-ல் வந்த நகரமைப்புச் சட்டம் மன்றங்களே தம் ஊருக்குத் திட்டம் வகுக்க வழி செய்தது, அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டதாயினும். பிறகு வாசல் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. 1930-களில் நகராட்சிகளுக்கு ஆணையர்கள் வந்து, செயல் அதிகாரம் அவர்கள் கைக்குப் போனது. பேரூராட்சிகளுக்குச் செயல் அலுவலர்கள் வந்தார்கள். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் திட்டமிடுதலைத் திட்டக் குழுமங்களிடமும் இயக்குநரகத்திடமும் சேர்த்தது. தலைவரிடம் கட்சிப் பகையும் சாதிச் சலுகையும் மிகுந்திருந்தன, அதனால்தான் அதிகாரத்தை எடுத்தார்கள் என்று சொல்வார்கள். மிகுந்திருந்தது மெய். அதைக் குறைக்க, ஊர் கேள்வி கேட்கும் ஏற்பாட்டை வலுப்படுத்தியிருக்கலாம். அவ்வழி எவர் நினைவுக்கும் வரவில்லை.

இதன் விளைவை ஒரு பேரூராட்சிக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் காணலாம். கோடையில் குடிநீர்க் கிணற்றின் மோட்டார் காயில் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை தெருவில் குடத்தோடு ஆட்கள் நிற்பார்கள். கூட்டம் கூட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எந்தச் செயல் அலுவலரும் மூன்று வாரம் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டக் கொடுத்து, மாட்டி, தண்ணீர் விட்டுவிடுவார்கள். பிறகு அந்தச் செலவு மன்றத்துக்கு வரும்போது, பொதுமக்கள் நலன் மற்றும் அவசர அவசியம் கருதி உடனடியாகப் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினத்துக்கு மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது என்ற வாய்பாட்டில் வரும். பிளீச்சிங் பவுடரும் தெருவிளக்குச் சாமானும் இதே வாய்பாட்டில்தான் வருகின்றன. ஒரு கூட்டத்தில் இப்படிப்பட்ட பொருள்கள் முப்பது நாற்பது இருக்கும். எழுத்தர் வேகமாக வாசிப்பார். ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும். உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை என்று எளிதில் குறை சொல்லிவிடலாம். ஆனால் தண்ணீர் வந்துவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, இனி மறுத்து என்ன செய்வது? பெரிய வேலைகளில் நிலைமை தலைகீழ், ஆனால் பலன் அதேதான். சாலைக்கான நிதி எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது, எவ்வளவு நீளம், எந்த வகைச் சாலை என்பதெல்லாம் மேலே முடிவாகி வரும். நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் மன்றத்துக்கு வெளியே கிடைக்கும். சிறு செலவில் மன்றம் பின்னால் வருகிறது, பெரிய செலவில் பக்கத்தில் நிற்கிறது. அதனால்தான் கவுன்சிலர்கள் தங்கள் வார்டுக்கு ஒரு விளக்கு, ஒரு குழாய் என்று கேட்பவர்களாக ஆகிவிட்டார்கள். கேட்பது தவிர அவர்கள் கையில் வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை.

1998-ல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2000-ல் வந்தன. அது நல்ல சட்டம். அறிவிப்பை எங்கே வெளியிட வேண்டும், எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும், யார் முன்னிலையில் உறை பிரிக்க வேண்டும், குறைந்த விலைக்காரரை விட்டு வேறொருவருக்குக் கொடுத்தால் காரணம் எழுத வேண்டும் என்பதையெல்லாம் அது ஒழுங்குபடுத்தியது. மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து ஓலை வாங்கிய விதிக்கு இதுதான் இந்தக் காலத்து ஈடு என்று சொன்னால் தப்பில்லை. பெட்டியில் உறை போட விடாமல் ஆட்களை வாசலில் நிறுத்தி மறித்த காலத்தை, இணைய வழி ஒப்பந்தப்புள்ளி பெருமளவு முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இருந்தாலும் இந்தச் சட்டம் பார்த்துக்கொள்வது ஒப்பந்தக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான நியாயத்தை. வேலையை யார் பெற்றார் என்பதோடு அதன் கண் மூடிவிடுகிறது. அந்தத் தெருவுக்கு அந்த வடிகால் தேவைதானா, அளவுப் புத்தகத்தில் எழுதிய கனத்துக்குக் கான்கிரீட் உண்மையில் போட்டார்களா என்பதை, அந்தத் தெருவில் வாசல் உள்ள ஆள் எங்கே போய்க் கேட்பது? அளவுப் புத்தகம் பொறியாளர் மேசையில் இருக்கிறது. தணிக்கையாளர் அதைப் பார்க்க வரும்போது தரையின்மேல் இரண்டு மழைக்காலம் போயிருக்கும்.

மேல்நோக்கிய கட்டுப்பாட்டுக்கு ஆதரவான மிக வலுவான வாதம் சாதி சார்ந்தது. ஊரிடம் விட்டால் ஊரில் வலுத்தவன் கையில் போகும், ஒடுக்கப்பட்டவனுக்கு நியாயம் மேலேயிருந்துதான் வந்திருக்கிறது என்பது அந்த வாதம். வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை உறுப்பினர் வீரையன் 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில்தான் கொண்டுவந்தார். உள்ளூர் மன்றங்கள் அதைத் தாமாகச் செய்திருக்க மாட்டா. அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் இல்லாமல் பட்டியல் சாதியினரும் பெண்களும் 1996-ல் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருக்க முடியாது. அமர்ந்த பிறகும் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடக்கவிடவில்லை. 2006-ல் அரசு முனைந்து நின்ற பிறகே அங்கே தலைவர்கள் பதவியில் இருக்க முடிந்தது. இவற்றை மறந்துவிட்டு ஊரின் ஞானத்தைப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்தச் சான்றுகள் அனைத்தும் உரிமையைப் பற்றியவை, யார் உள்ளே வரலாம், யார் நாற்காலியில் உட்காரலாம் என்பதைப் பற்றியவை. அவற்றைக் காக்க அரசின் கை வேண்டும், வலுவாகவே வேண்டும். மோட்டார் காயிலுக்கும் வடிகால் மூடிக்கும் அந்தக் கை எதற்கு? மேலும், ஒடுக்கப்பட்டவர் தலைவரான ஊரில் பண அதிகாரம் அலுவலர் கையிலேயே இருந்தால், நாற்காலி மட்டும் அவருக்கு, சாவி வேறொருவருக்கு என்றாகிறது. கணக்கு ரகசியமாக இருக்கும் ஊரில் பலன் அடைகிறவர்கள் அலுவலகத்தோடு பழக்கம் உள்ளவர்கள். அவர்கள் பெரும்பாலும் ஊரின் பழைய வலுத்த கைகளே. காலனித் தெருவுக்கு வர வேண்டிய குழாய் ஏன் வரவில்லை என்பதை ஊர் நடுவே உரக்க வாசிக்க வைத்தால், அதனால் நட்டம் யாருக்கு என்று யோசித்தாலே போதும்.

மன்றம் எவ்வளவு தேவையற்றதாக ஆகிவிட்டது என்பதற்கு நம் காலமே தெளிவான சான்று தந்திருக்கிறது. தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1969-க்குப் பிறகு 1986-ல்தான் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 1991-ல் முடிந்தபின் மறுபடி 1996 வரை இடைவெளி. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. இந்த இடைவெளிகளில் எல்லாம் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். மன்றத்தின் அதிகாரமும் அவர்களிடமே இருந்ததால், பொருளை வைத்தவரே அதைத் தீர்மானமாகவும் நிறைவேற்றினார். வரி வசூலானது, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது, குப்பை அள்ளப்பட்டது, தணிக்கையும் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் மன்றம் இல்லாமல் அமைப்பு ஓடியதே, பெரிய குழப்பம் எதுவும் வரவில்லையே என்று சிலர் நிம்மதியோடு சொன்னார்கள். எனக்கு அதுவே கவலைக்குரிய செய்தி. ஓர் உறுப்பை எடுத்துவிட்டும் உடல் நடக்கிறது என்றால், அந்த உறுப்பை முன்பே செயலற்றதாக்கி வைத்திருந்தார்கள் என்றுதான் பொருள். உத்திரமேரூரில் 360 நாள் முடிந்து புதிய வாரியம் அமராவிட்டால் ஏரி மதகைத் திறக்க ஆள் இருந்திருக்காது.

பேரூராட்சி மக்களுக்கு இதில் ஒரு தனிக் குறையும் உண்டு. கிராம ஊராட்சியில் வாழ்கிறவருக்கு கிராம சபை இருக்கிறது. குடியரசு நாளிலும் மே தினத்திலும் சுதந்திர நாளிலும் காந்தி பிறந்தநாளிலும் கூடும் அந்தச் சபையில் வரவு செலவு வைக்கப்பட வேண்டும், யாரும் எழுந்து கேட்கலாம். அது பல ஊர்களில் சம்பிரதாயமாக நடக்கிறது என்பது தெரிந்ததே. ஆயினும் கேட்க ஓர் இடம் உண்டு. அதே ஊர் பேரூராட்சியாகத் தரம் உயர்ந்தால் அந்த இடம் போய்விடும். ஊரைத் தரம் உயர்த்தும்போது நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்று மக்கள் மறிக்கிறார்கள். கணக்குக் கேட்கும் உரிமை போகிறதே என்று யாரும் மறித்ததாகத் தெரியவில்லை. அந்த உரிமையின் சுவை அவர்களுக்குக் காட்டப்படவே இல்லை. 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஊரார் முன்னால் அமரும் ஏற்பாட்டைச் சட்டம் மீண்டும் நினைத்துப் பார்த்திருக்கிறது என்ற அளவில் அதை நான் வரவேற்கிறேன். அங்கே இப்போது மனுக்கள் வாங்கப்படுகின்றன. விளக்கு எரியவில்லை, நாய் தொல்லை, சாக்கடை அடைப்பு என்று மக்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பகுதியில் சென்ற ஆறு மாதத்தில் போடப்பட்ட சாலையின் அளவுப் புத்தகத்தை, நீளம், அகலம், கனம், தொகை என்று எழுதிய பொறியாளரே எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று விதிகளில் ஒரு வரி சேர்த்தால், பகுதி சபையின் முகமே மாறிவிடும். அதற்குப் புதிய நிதி வேண்டாம், புதிய பதவி வேண்டாம். எழுதியவர் தானே வாசிக்க வேண்டும், வேறொருவரை அனுப்பக் கூடாது என்பதை மட்டும் விடாமல் பிடிக்க வேண்டும்.

உத்திரமேரூரின் பெரிய ஏரி இப்போது பேரூராட்சியிடம் இல்லை. அது மாநில அரசின் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் கவனித்த நீருக்கு, கரையில் வாழும் ஊர் இன்று மனு எழுதும் நிலையில் இருக்கிறது. கோயில் மண்டபம் அப்படியே நிற்கிறது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் முடிவில், சபையார் பணிக்க இதை எழுதினேன் என்று சொல்லி ஒருவர் தம் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார். அவர் அரசனோ அதிகாரியோ அல்லர். ஊர் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன்.